பேர் சொல்லாதது

செங்கல்வராயன் எழுந்தான். பாயைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்தினான். அடிபம்பில் இரண்டு குடம் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்தான். பல் விளக்கினான். மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் ஊசி குத்தி, காற்றடித்துப் பற்றவைத்தான். அரிசியைக் களைந்து உலையில் போட்டான். சோறு வேகும் வரை புத்தகத்தில் ஒரு பக்கம் படித்தான். கஞ்சியை வடித்தான். முந்தின நாள் குழம்பைச் சுடவைத்தான். டிபன் டப்பாவில் சோற்றைப் போட்டு அழுத்தி மூடினான்.

மூடிய பிறகுதான் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது நினைவுக்கு வந்தது. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் சங்கு ஊதாது. டப்பாவைத் திறந்து, நின்றபடியே அதிலிருந்து தின்றான். கழுவிக் கவிழ்த்தான். சட்டையைப் போட்டுக்கொண்டு கதவைப் பூட்டினான்.

அம்பத்தூர் ஓ.டி.யில் அவன் குடியிருந்தது ஒற்றை அறை. கல்யாணத்துக்காகப் பிடித்த அறை. ஆடி மாதம் அவன் மனைவி சாமுண்டீஸ்வரி பிரசவத்தில் செத்துப்போனாள். இப்போது ஐப்பசி. குழந்தை பிழைத்துக்கொண்டது. பெண். வேப்பம்பட்டில் மாமியார் கன்னியம்மா வீட்டில் இருந்தது. அதை இன்றைக்குச் சாமுண்டியின் அக்கா பொன்னியம்மா எடுத்துக்கொண்டு போகப் போகிறாள். பொன்னியம்மாவுக்கு வீடு கோவில்பதாகையில். கல்யாணமாகி வெகுகாலமாகியும் வயிறு திறக்கவில்லை. பெரியவர்கள் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள். செங்கல்வராயன் வந்து வாயால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி. சொல்லிவிட்டால் குழந்தை அவர்களுடையது.

சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினான்.

அம்பத்தூர் ஸ்டேஷனில் தசரதன் நின்றுகொண்டிருந்தான். அதே கம்பெனியில் லேத் ஓட்டுகிறவன். செங்கல்வராயன் அங்கே டைம் ஆபீஸ் கிளார்க்.

“இன்னா மாமே, வேப்பம்பட்டா?”

“ஆமா.”

“இன்னிக்குத்தான் குடுக்கறியா?”

“இன்னிக்குத்தான்.”

“நான் ஆவடி வரிக்கும்தான். மச்சான் ஊட்ல கறி. நீயும் வாயேன், ஒரு வாய் துன்னுட்டு அடுத்த வண்டியில போவியாம்.”

“வேணாம்.”

பாசஞ்சர் ஆடி அசைந்து வந்தது. உள்ளே இடம் இருந்தும் இருவரும் கதவோரம் நின்றார்கள். திருமுல்லைவாயல் தாண்டும் வரை தசரதன் ஒன்றும் பேசவில்லை. அவனுக்கு அது பெரிய காரியம்.

“போன மாசம் உன் சைக்கிள கேட்டேன்,” என்றான் கடைசியில். “பிரேக்கு புடிக்கல, பெல்லு அடிக்கலன்னு ஆயிரம் நொட்ட சொல்லி அனுப்பிச்சே. சைக்கிளு குடுக்கவே மனசு வராதவன், இன்னிக்கு புள்ளைய தூக்கிக் குடுக்கப் போற. இன்னா மனுசன்யா நீ?”

“யாரு வளத்தா இன்னா. எல்லாம் ஒண்ணுதான்.”

“யாரு சொன்னது?”

“புத்தகத்துல போட்டிருக்கு.”

“எல்லாம் ஒண்ணா? அப்ப மேஸ்திரியும் நானும் ஒண்ணு?”

“ஒண்ணுதான்.”

“இத்த மொதல்ல அந்தாளுகிட்ட போய்ச் சொல்லு. எனுக்கு ஓவர்டைம் போட்டுத் தரானா பாப்போம்.” தானே சிரித்துக்கொண்டான். பிறகு, “பேரு வச்சிட்டீங்களா?” என்றான்.

“இல்ல.”

“பின்ன எப்டி கூப்புடறாங்க?”

“கூப்புடறதில்ல. அது அழுவுது, அது தூங்குதுன்னு சொல்லிக்கிறாங்க.”

தசரதன் ஒரு பீடியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். ஆவடியில் இறங்கும்போது அவன் தோளைத் தட்டி, “கோச்சிக்காத மாமே. வாயி நம்முளுது சும்மா இருக்காது,” என்றான். வண்டி கிளம்பியது.

தசரதனிடம் சொன்ன அந்தப் புத்தகம் உபநிஷத்துகளைத் தமிழில் பெயர்த்தது. பி.ஏ. படிக்கும்போது மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் குவியலிலிருந்து இழுத்தெடுத்தான். அட்டை இல்லை. பெயர்த்தவர் யார் என்பதும் அட்டையோடு போய்விட்டது. பக்தியால் வாங்கவில்லை. அவன் பிறந்தது பூந்தமல்லிக்கு மேற்கே ஓர் ஊரில். அப்பனும் அம்மாவும் நாற்று நட்டு, களை பறித்து வயிறு கழுவியவர்கள். அந்த ஊரில் தேர் எல்லாத் தெருவும் சுற்றும். இவர்கள் தெரு முனைக்கு வந்ததும் வடத்தைத் திருப்பிவிடுவார்கள். அப்படி நமக்குக் காட்டாமல் உள்ளே எதைத்தான் மூடி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கவே வாங்கினான். சண்டைக்குப் போகிறவன் எதிராளி இடுப்பில் இருக்கும் கத்தியைக் கண்ணால் அளப்பதுபோல.

பிரித்துப் பார்த்த பக்கங்களில் தேர் இல்லை. கோயில் இல்லை. தெரு இல்லை. எல்லா உயிருக்குள்ளும் ஒன்று இருக்கிறது, அதற்குப் பேர் கிடையாது என்று இருந்தது. பேர் கிடையாது என்பதால் பெயர்த்தவர் அதை ‘அது’ என்றே எழுதிக்கொண்டு போயிருந்தார். பக்கத்துக்குப் பக்கம் அது, அது. எல்லாவற்றுக்கும் மேலான ஒன்றை அஃறிணையில் சொல்லியிருந்தது அவனைப் பிடித்து நிறுத்தியது. பள்ளிக்கூடத்தில் மாட்டையும் மண்ணையும்தான் அப்படிச் சொல்லச் சொல்லிக்கொடுத்தார்கள். பண்ணையார் வீட்டில் அவன் அப்பன் வேம்புலியையும் அப்படித்தான் சொன்னார்கள். “வேம்புலி வந்துச்சா? எங்க போய்த் தொலைஞ்சுது அது?”

அந்த வார்த்தையை இன்னோர் இடத்தில் பார்ப்போம் என்று அவன் நினைக்கவில்லை. ஒரு வசவைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் சாமி இருப்பதுபோல இருந்தது. சண்டைக்கு வாங்கிய புத்தகத்தை அதன்பிறகு அவன் யாரிடமும் சண்டைக்கு எடுக்கவில்லை. கூடவே வைத்துக்கொண்டான்.

கல்யாணமான புதிதில் சாமுண்டி அதைப் பார்த்தாள். அஞ்சாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள்.

“சாமி புக்கா இது?”

“அந்த மாதிரி.”

“எந்த சாமி?”

“பேரு கெடையாது.”

“பேரில்லாத சாமி கீதா? அப்ப எப்டி கூப்புடறது?”

“அதுன்னு போட்டிருக்கு. அது எல்லாருக்கு உள்ளயும் இருக்கு. அதைத் தெரிஞ்சிக்கினவன் எதுக்கும் பயப்பட மாட்டான்.”

சாமுண்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அய்ய, இது உன்னப் பத்தின புக்கு.”

“என்னையா?”

“பின்ன? அக்கம்பக்கத்துல நான் உன்ன எப்டி சொல்றேன்? அது வேலைக்குப் போய்க்கீது, அது இன்னும் வர்ல. பேரச் சொன்னா உன் ஆயுசு கொறைஞ்சிப்பூடும். இத்த எழுதனது எவளோ ஒருத்தி பொண்டாட்டி, பாத்துக்கோ. புருசன் பேரு வாயில வந்துடக் கூடாதுன்னு அது அதுன்னு எழுதிக்கீறா.”

அவனும் சிரித்தான். அப்படி இல்லை என்று விளக்க வாயெடுத்தான். அடுப்பில் ஏதோ தீயும் வாசனை வந்தது. அவள் எழுந்து ஓடினாள். விளக்கம் அப்படியே நின்றுபோயிற்று.

ஆடியில் வலி கண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குழந்தை பிறந்தது. ரத்தம் நிற்கவில்லை. டாக்டரம்மா செய்ய வேண்டியதெல்லாம் செய்துவிட்டு, அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். மாமியார் வராண்டாவில் நின்றாள். ஆயா ஜன்னலோரம் குழந்தையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சாமுண்டி ஒன்று சொன்னாள். அதன் பிறகு பேசவில்லை. ஆயா துடைத்து முடித்துத் துணியில் சுற்றிக்கொண்டு திரும்பியபோது, சாமுண்டி கண்ணைத் திறந்தபடி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் உள்ளே வந்து குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து வார்டு ஆள் ஒருவன் வந்தான். தன்மையான ஆள்தான்.

“அத எப்ப எடுத்துக்கினு போறீங்க?” என்றான்.

“எதை?” என்றான் செங்கல்வராயன்.

அந்த ஆள் கட்டிலைப் பார்த்தான். மாமியார் மடியைப் பார்த்தான். இரண்டு இடத்திலும் துணியில் சுற்றி ஒன்று இருந்தது.

“ரெண்டையும்தான்,” என்றான்.

அன்றிலிருந்து செங்கல்வராயனுக்கு எதுவும் உறைக்கவில்லை. மிளகாயைக் கடித்தாலும் உறைக்கவில்லை. யாராவது அழுதாலும் உறைக்கவில்லை. குழந்தையை வேப்பம்பட்டுக்கு எடுத்துப்போனார்கள்; போகட்டும் என்றிருந்தான். இரண்டு தரம் பார்க்கப் போனான். இரண்டு தரமும் அது தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. துணியை விலக்கிப் பார்க்கவில்லை. கையில் எடுத்ததே இல்லை.

புத்தகத்தை மட்டும் விடவில்லை. உலை கொதிக்கும்போது ஒரு பக்கம். எல்லாம் ஒன்று என்று அது சொன்னது இப்போது வசதியாக இருந்தது. கட்டிலில் கிடந்தது அது. தூளியில் கிடப்பதும் அது. பேரில்லாததும் அது. எல்லாம் ஒன்று என்றால் இழந்தது என்ன, இருப்பது என்ன? வலிக்கிற பல்லில் கிராம்பை வைத்து அழுத்துவதுபோல அந்த வரிகளை வைத்து அழுத்திக்கொண்டான். மரத்துப்போயிற்று.

“கடைசியா இன்னா சொல்லிச்சி?” என்று காரியத்தன்று எல்லாரும் கேட்டார்கள். “ஒண்ணும் சொல்லல,” என்றான். அவள் சொன்னது அப்படி எடுத்துச் சொல்லும்படியான வார்த்தை இல்லை. ஆனால் மாமியார் சொன்னாள். வராண்டாவில் நின்று தன் காதாலேயே கேட்டதாகச் சொன்னாள். “அக்கா கையில குடுன்னு சொல்லிச்சி எம்பொண்ணு. சாவறப்பகூட அக்காவுக்குப் புள்ள இல்லியேன்னு நெனச்சிக்கினு செத்துது.” கேட்டவர்கள் எல்லாரும் அழுதார்கள். அதிலிருந்துதான் பேச்சு கிளம்பியது. அப்படி அவள் சொல்லவில்லை என்பது செங்கல்வராயனுக்குத் தெரியும். மறுத்துப் பேச வாய் வரவில்லை. பேசாமல் இருந்தது சம்மதம் ஆயிற்று.

வேப்பம்பட்டில் இறங்கி, தண்டவாளம் தாண்டி நடந்தான். முந்தின இரவு மழை பெய்து ஏரிக்கரை சேறாக இருந்தது. மாமியார் வீட்டு வாசலில் பொன்னியம்மாவின் புருஷன் நாகப்பன் சலவைச் சட்டையில் நின்றிருந்தான்.

“வா சகல,” என்றான். “பாத்து, வழுக்குது. இப்பதான் நானு உழுந்து எழுந்தேன்.” முட்டியில் சேறு இருந்தது. சிரித்தான். அவன் சந்தோஷமாக இருந்தான். அதைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று பாடுபட்டுக்கொண்டும் இருந்தான்.

உள்ளே தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள், குழந்தைக்கு ஒரு புதுச் சட்டை. பொன்னியம்மா கீழே உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். புட்டிப் பால் பாதியில் நின்றிருந்தது.

“குடிக்க மாட்டேங்குது,” என்றாள், யாருக்கென்றில்லாமல். “எங்கிட்ட இன்னும் பழகல.”

“பழகிடும், பழகிடும்,” என்றாள் கன்னியம்மா. “உக்காரு நைனா. நல்ல நேரம் போறதுக்குள்ள சொல்லிடு. தட்ட எடுத்து உன் சகல கையில குடு, நாகப்பா.”

“இரும்மா,” என்றாள் பொன்னியம்மா.

“இன்னாடி இரு?”

“தம்பிய ஒண்ணு கேக்கணும்.” அவள் நிமிர்ந்து செங்கல்வராயனைப் பார்த்தாள். சாமுண்டியின் அதே கண். அதை அவன் இத்தனை நாள் கவனித்ததில்லை. “தம்பி, அம்மா சொல்றது நெசமா? அக்கா கையில குடுன்னு சொல்லிச்சா அது?”

“எங்காதால கேட்டேன்டி நானு. பொய்யா சொல்றேன்?”

“உங்காது எனுக்கு வேணாம்மா. இவருதான் கிட்ட நின்னாரு. இவரு வாயால கேக்கணும்.”

“சொல்லு சகல,” என்றான் நாகப்பன் மெதுவாக. “அது மனசுக்கு ஒரு தெம்பு, அவ்ளோதான். ராத்திரிலாம் இதே பொலம்பலு.”

“தெம்புக்கில்ல,” என்றாள் பொன்னியம்மா. “எந்தங்கச்சி குடுத்ததுன்னா நான் தலைநிமிந்து எடுத்துக்கினு போவேன். அது குடுக்கலன்னா? நாளிக்கி இது வளந்து என்னப் பாத்து, நீ யாருன்னு கேட்டா நான் இன்னா சொல்றது? எங்கம்மா செத்த ஊட்ல பூந்து என்னத் தூக்கிக்கினு வந்தவதானேன்னு கேட்டா?”

செங்கல்வராயன் நாக்கில் ‘ஆமா’ இருந்தது. ஒரு சொல். சொன்னால் பொன்னியம்மா அழுவாள், நாகப்பன் தட்டை நீட்டுவான், மூன்று மணி வண்டிக்கு அவன் திரும்பிவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை. அந்தச் சொல் வரவில்லை. அதற்குப் பதிலாக, “யாருகிட்ட இருந்தா இன்னா அண்ணி. எல்லாம் ஒண்ணுதான்,” என்றான்.

பொன்னியம்மா புட்டியைக் கீழே வைத்தாள்.

“எல்லாம் ஒண்ணா?” என்றாள். “அப்ப எனுக்கு ஏன் பால் ஊறல?”

கன்னியம்மா, “சீ, இன்னா பேச்சுடி இது,” என்றாள். குரலில் அதட்டல் இல்லை.

குழந்தை தலையைத் திருப்பியது. மடியில் வசதி போதவில்லை. முகத்தைச் சுளித்து, வாயைத் திறந்து, அழுகை வெளியே வருவதற்கு முன் ஒரு கணம் அப்படியே நின்றது. அந்த முகத்தில் செங்கல்வராயன் சாமுண்டியைத் தேடினான். இல்லை. தன்னைத் தேடினான். இல்லை. அது வேறு யாரையும் போல இல்லை. பிறகு அழுதது.

அந்தச் சத்தம் உறைத்தது.

எல்லாம் ஒன்று என்று புத்தகம் சொன்னதை இத்தனை நாளும் எதுவானாலும் ஒன்றுதான் என்று படித்துக்கொண்டிருந்தான். தமிழில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை. பி.ஏ. படித்தவனுக்கு அது தெரியவில்லை. எல்லாவற்றிலும் இருப்பது பங்கு போட்டுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இருக்கிறது என்று அதில் போட்டிருக்கவில்லை. எதில் இருக்கிறதோ அதில் முழுசாக இருக்கிறது. கட்டிலில் கிடந்தவளுக்குள்ளும் முழுசாகத்தான் இருந்தது. அவள் போனது கணக்கில்லாத ஒன்றில் ஒரு துளி குறைந்தது இல்லை. முழுசாகப் போனாள்.

அவனுக்கு நெஞ்சில் வலித்தது. ஆடியில் வலித்திருக்க வேண்டியது.

“சொல்லு தம்பி,” என்றாள் பொன்னியம்மா. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள். பதில் என்னவாக இருக்கும் என்று அவளுக்கு முன்னமே தெரிந்திருந்தது போலிருந்தது. தெரிந்தும் கேட்டாள்.

“அத்தை கேட்டது பொய்யில்ல,” என்றான் செங்கல்வராயன். “வராண்டாவுல நின்னு கேட்டா அப்டித்தான் காதுல உழும்.”

“அப்டின்னா?”

“அந்த ஆஸ்பத்திரியில ஒரு ஆயா இருந்துது. வார்டே அத்த அக்கான்னுதான் கூப்புடும். சாமுண்டியும் அப்டித்தான் கூப்டுது. ஆயா ஜன்னல்கிட்ட புள்ளைய வச்சித் தொடச்சிக்கினு இருந்துது. சாமுண்டி கைய நீட்டிச்சி. முழுசா நீட்ட முடியல.”

கன்னியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நாகப்பன் தட்டைக் கீழே வைத்தான். குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

“இன்னாதான் சொல்லிச்சி?” என்றாள் பொன்னியம்மா.

அவன் அவளுக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தான். சாமுண்டி சொன்ன மாதிரியே, ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான்.

“அக்கா, அத இப்டி எங்கையில குடு.”